கல்விக் கொடை: கென்ய நாட்டிலிருந்து ஒரு பாடம்

தானத்தை நம் முன்னோர் நான்காக வகுத்தனர்: ஆகாரம், அவுடதம், சாத்திரம், அபயம். இவற்றுள் சாத்திர தானம் என்றால் என்ன என்பதில் அக்காலத்தார்க்கு ஐயம் இருக்கவில்லை. ஏடு எழுதுவித்துக் கொடுத்தல். கற்பார்க்கும் கற்பிப்பார்க்கும் இருக்க இடமும் உண்ண உணவும் அளித்தல். கன்னட நாட்டில் பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அத்திமப்பே என்னும் சிராவகி, பொன்ன கவி இயற்றிய சாந்தி புராணத்தை ஆயிரம் படிகள் எழுதச் செய்து வழங்கினார் என்பது நம்மில் பலர் அறிந்ததே. அச்சுப் பொறி இல்லாத காலத்தில் ஆயிரம் படி என்றால் எத்தனை எழுத்தர்கள், எத்தனை நாள் உழைப்பு!

இன்று நூலுக்குப் பஞ்சமில்லை. பள்ளியில் சேர்வதற்கும், சேர்ந்தபின் நிலைத்திருப்பதற்கும் ஆகும் செலவே ஏழை வீட்டுப் பிள்ளையைக் கல்வியிலிருந்து பிரிக்கிறது. ஆகவே ஒரு மாணவரின் கட்டணத்தை ஏற்பதும் சாத்திர தானத்தின் ஒரு வடிவமே என்று கொள்வதில் தவறில்லை. ஆயினும் ஏட்டுப்படியைக் கொடுப்பதற்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஏட்டைக் கொடுத்த அளவில் கொடை நிறைவுறுகிறது. பிள்ளையின் படிப்போ நான்கு ஆண்டு, ஆறு ஆண்டு என்று நீள்கிறது. அதைவிடப் பெரிய வேறுபாடு, கேட்டு வந்த பலருள் ஒருவரைத் தேர்ந்து மற்றவரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருப்பது. திருமண நாளிலும் மூத்தோர் நினைவு நாளிலும் ஒரு மாணவரின் படிப்புச் செலவை ஏற்கும் நல்வழக்கம் நம் குடும்பங்களில் இருந்து வருகிறது. அங்கெல்லாம் நாம் கேட்கும் முதல் வினா, "எத்தனை மதிப்பெண்?" என்பதுதான். இந்த வினா முதல் வினாவாக இருக்கலாமா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

அதற்குக் கென்ய நாட்டை எடுத்துக்காட்டாகக் கொள்கிறோம். ஏன் அவ்வளவு தொலைவு போகவேண்டும் என்று வாசகர் கேட்கலாம். ஒருவர் கொடுத்த சிறு கொடை பல ஆண்டுகள் கழித்து என்னவாயிற்று என்பது முழுமையாகத் தெரியவந்த நிகழ்ச்சி ஒன்று அங்கே உண்டு. கல்வி உதவியின் பலனை ஆய்வாளர்கள் பள்ளிதோறும் சென்று அளந்து பார்த்த நாடும் அதுவே. மேலும், அது நமக்கு முற்றிலும் அயலான நாடும் அன்று. குசராத்திலிருந்து சென்ற ஓசுவால் குடும்பங்கள் அங்கே நூறு ஆண்டுகளுக்கு மேலாக வாழ்கின்றன. நைரோபியில் பள்ளிகளும், மொம்பாசாத் துறைமுக நகரில் ஒரு சினாலயமும் கண்டுள்ளன.

ஓர் ஆசிரியையின் கொடை

ஹில்டே பாக் என்னும் அம்மையார் 1922இல் ஜெர்மனியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். நாஜிகள் ஆட்சிக்கு வந்தபின் யூதப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து விலக்கினர். இளம் பெண்ணாக இருந்த அவர் சுவீடன் நாட்டுக்குத் தப்பி வந்தார். பெற்றோர்க்கு அங்கே புகலிடம் கிடைக்கவில்லை. அவர்கள் நாஜிகளின் முகாம்களில் மாண்டனர். தனியராக நின்ற அப்பெண் அந்நாட்டிலேயே வளர்ந்து, வெஸ்டெரோஸ் என்னும் நகரில் மழலையர் பள்ளி ஆசிரியையானார்.

அவர் செல்வர் அல்லர். மழலையர் பள்ளி ஆசிரியையின் ஊதியம் எந்த நாட்டிலும் பெருந்தொகையாக இருந்ததில்லை என்பதை அத்துறையில் இருந்த நாம் அறிவோம். 1970களில் அவர் ஓர் உதவித் திட்டத்தின் வழியாகக் கென்ய நாட்டுச் சிறுவன் ஒருவனின் படிப்பை ஏற்றுக்கொண்டார். தொகை, பருவம் ஒன்றுக்கு ஏறத்தாழ 15 அமெரிக்க டாலர். சிறுவனின் பெயர் கிறிஸ் எம்புரு. நைரோபிக்கு வடக்கே, காப்பித் தோட்டங்கள் நிறைந்த கியாம்பு மலைப்பகுதியில் மிதஹாத்தோ என்பது அவன் ஊர். வகுப்பில் முதல் மாணவன். ஆனால் படிப்பைத் தொடர வீட்டில் வழியில்லை.

அந்தச் சிறுவன் நைரோபிப் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றார். பின்னர் அமெரிக்காவில் ஹார்வர்ட் சட்டப் பள்ளியில் படித்து, ஐக்கிய நாடுகள் அமைப்பில் மனித உரிமை வழக்கறிஞரானார். 2001இல் தம் பகுதி ஏழை மாணவர்க்கென ஒரு கல்வி நிதியம் தொடங்கி, அதற்குத் தம்மைப் படிக்க வைத்தவரின் பெயரையே சூட்டினார். அதுவரை அவ்வம்மையாரை அவர் நேரில் கண்டதே இல்லை. சுவீடன் நாட்டுத் தூதரகத்தின் உதவியோடு தேடியபோது, அவர் வெஸ்டெரோஸ் நகரிலேயே முதுமையில் வாழ்ந்து வருவது தெரிந்தது. அம்மையார் கென்யாவுக்கு வந்தபோது கிராமமே திரண்டு ஆடிப்பாடி வரவேற்றது. இனவெறுப்பால் பெற்றோரை இழந்த ஒருவரின் உதவியால் படித்தவர், இனவெறுப்புக் குற்றங்களை ஆராயும் பணியை மேற்கொண்டிருந்தார். ஆனால் அவ்வம்மையாரின் பழைய வரலாறு அவருக்குப் பின்னரே தெரியவந்தது. இவையனைத்தையும் ஜெனிஃபர் ஆர்னால்ட் என்பவர் படமாக்கி 2010இல் வெளியிட்டார். ‘ஒரு சிறு செயல்’ என்பது அப்படத்தின் தலைப்புக்குப் பொருள். ஹில்டே பாக் 2021 சனவரியில் தம் 98ஆம் வயதில் மறைந்தார்.

இக்கதையைக் கேட்பவர் பெரும்பாலும் இவ்வளவோடு மகிழ்ந்து எழுந்துவிடுவர். ஆசிரியப் பயிற்சித் துறையில் இருந்தோர்க்கு அது போதாது. அப்படத்திலேயே இன்னொரு கதையும் ஓடுகிறது. அந்நிதியத்தின் உதவியை எதிர்நோக்கி எட்டாம் வகுப்பில் படிக்கும் கிராமத்துப் பிள்ளைகளின் கதை அது. இரவில் மண்ணெண்ணெய் விளக்கொளியில் பாடம் படிக்கின்றனர். ஒரே தேர்வு, அதில் ஒரு மதிப்பெண் எல்லை. எல்லைக்கு மேல் இருப்பவர்க்கு உயர்நிலைப் பள்ளி. கீழே இருப்பவர்க்குக் காப்பித் தோட்டம். எம்புரு என்ற ஒருவர் கரையேறியதைக் கண்டு வியக்கும் நாம், அவரோடு அதே பெஞ்சில் அமர்ந்திருந்தவர்கள் எங்கே என்று கேட்க வேண்டும் அல்லவா?

கட்டணமும் மதிப்பெண்ணும்

கென்யாவின் பள்ளி அமைப்பைச் சற்றே அறிந்துகொண்டால் இது விளங்கும். 1963இல் விடுதலை பெற்ற அந்நாடு, 1974இல் முதல் நான்கு வகுப்புகளுக்குக் கட்டணத்தை நீக்கியது. கட்டணம் போயிற்று; ஆனால் கட்டட நிதி என்ற பெயரில் பள்ளிகள் வேறு தொகை பெறத் தொடங்கின. முன்வாசலில் அனுப்பிய செலவு கொல்லை வழியாக வீட்டுக்குள் வந்த கதைதான். 2003இல்தான் தொடக்கப் பள்ளி எட்டு வகுப்புகளும் கட்டணமின்றித் திறக்கப்பட்டன. ஒரே ஆண்டில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் புதிதாகச் சேர்ந்தனர். பிள்ளைகள் மட்டுமா? 2004இல் கிமானி மாருகே என்னும் 84 வயது முதியவர், அரைக்கால் சட்டைச் சீருடை அணிந்து முதல் வகுப்பில் வந்து அமர்ந்தார். நூல்களைத் தாமே வாசிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். தள்ளாத வயதில் எழுத்தறிவுக்காக வரிசையில் நின்ற அவரை எண்ணும்போது, ஆசிரியத் தொழிலில் கழிந்த ஆண்டுகள் வீண் போகவில்லை என்ற நிறைவு நமக்குத் தோன்றுகிறது.

உயர்நிலைப் பள்ளியின் நிலை வேறு. 1985 முதல் எட்டாம் வகுப்பு முடிவில் நாடு தழுவிய தேர்வு ஒன்று நடந்துவந்தது. ஐந்து தாள்கள், மொத்தம் 500 மதிப்பெண். அம்மதிப்பெண்ணே ஒரு பிள்ளை தலைசிறந்த தேசியப் பள்ளிக்குப் போகுமா, மாவட்டப் பள்ளிக்குப் போகுமா என்பதை முடிவு செய்தது. தேர்வு ஆண்டிறுதியில், முடிவு பெரும்பாலும் திசம்பரில், புதிய பள்ளி அடுத்த ஆண்டின் தொடக்கத்தில். இடைப்பட்ட சில வாரங்களுக்குள் விடுதிக் கட்டணம், சீருடை, மெத்தை, பெட்டி, நூல்கள் அனைத்துக்கும் குடும்பம் பணம் திரட்ட வேண்டும். 2008இல் பகல்நேர உயர்நிலைப் பள்ளிகளில் கற்பிப்புக் கட்டணத்தை அரசு ஏற்றது. ஆனால் நல்ல பள்ளிகள் பலவும் விடுதிப் பள்ளிகள். விடுதிச் செலவு பெற்றோரைச் சார்ந்தது.

இவ்விடத்தில்தான் கொடையாளர் வருகிறார். அவரிடம் பத்துப் பேருக்குப் பணம் இருக்கிறது. கேட்போர் நூறு பேர். மதிப்பெண் வரிசை கைக்கு எளிதாகக் கிடைக்கிறது. அதில் பாரபட்சம் இல்லை, சாதி இல்லை, சிபாரிசு இல்லை என்று அவர் எண்ணுகிறார். அவ்வெண்ணம் முழுதும் பிழையென்று நாம் சொல்லமாட்டோம். சிபாரிசுக் கடிதத்தோடு வருபவனுக்கு முதலிடம் கொடுப்பதைவிட மதிப்பெண் நூறு மடங்கு மேல். ஆனால் மதிப்பெண் எதை அளக்கிறது?

பயிற்சி ஆசிரியர்களிடம் நாம் ஒரு கணக்கைக் கொடுத்து விவாதிக்கச் சொல்வதுண்டு. அதைக் கென்ய நாட்டுக்கேற்ப மாற்றி இங்கே தருகிறோம். பிள்ளைகள் இருவரும் கற்பனையே. ஒரு சிறுமி நகர்ப்புறத் தனியார் பள்ளியில் படித்தாள். தந்தைக்குச் சிறு கடை இருந்து நொடித்துவிட்டது. அவள் பெற்றது 500க்கு 360. இன்னொருத்தி, வகுப்புக்கு எழுபது எண்பது பேர் நெருங்கி அமர்ந்த கிராமப் பள்ளியில் படித்தாள். விடியுமுன் தண்ணீர் சுமந்து, தம்பியை இடுப்பில் தூக்கி, மழைநாளில் சேற்றில் நடந்து வந்தவள். அவள் பெற்றது 300. அவள் பள்ளியில் அதுவே முதல் மதிப்பெண். கொடையாளர் ஒருவருக்குத்தான் உதவ முடியும். யாருக்கு?

வகுப்பில் பெரும்பாலோர் முதலில் 360 என்பர். சிறிது நேரம் கழித்து யாரேனும் ஒருவர், "அம்மா, இந்தப் பெண்ணை அந்தப் பள்ளியில் உட்கார வைத்திருந்தால்?" என்று தொடங்குவார். அதன்பின் மணி அடித்த பிறகும் பேச்சு ஓயாது. இக்கணக்குக்கு ஒரே விடை இல்லை; விடைக்காகக் கொடுப்பதும் இல்லை. 300 என்ற எண் அந்தப் பிள்ளையின் அறிவை மட்டும் சொல்லவில்லை. அவள் பள்ளியையும் வீட்டையும் தண்ணீர்க் குடத்தையும் சேர்த்தே சொல்கிறது என்பதை ஆசிரியராகப் போகிறவர் உணர வேண்டும். கொடையாளரும் உணர்தல் நன்று. ஒரே எண்ணை எல்லையாக வைக்காமல், ஒவ்வொரு பள்ளியிலும் முன்னிற்கும் சிலரை எடுப்பது இதற்கு ஓரளவு நேரிய வழியாக நமக்குப் படுகிறது. அப்போது மிகப் பின்தங்கிய பள்ளியிலிருந்தும் ஒருவர் மேலே வருவார். அவரைக் கண்டு அடுத்த ஆண்டு இருவர் முயல்வர்.

ஆய்வாளர் கண்டவை

உதவி செய்தால் பலன் தானே விளையும் என்று நாம் நம்புகிறோம். அது எப்போதும் உண்மையாவதில்லை. கென்யாவின் மேற்கெல்லையில் பூசியா என்னும் ஏழை மாவட்டம் இருக்கிறது. 1990களில் அங்கே சில பள்ளிகளுக்குப் பாடநூல்கள் இலவசமாக வழங்கப்பட்டன. வழங்கப்பெற்ற பள்ளிகளையும் பெறாத பள்ளிகளையும் மைக்கேல் கிரெமர் முதலிய பொருளியல் அறிஞர்கள் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். இந்தக் கிரெமர் 2019இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ ஆகியோருடன் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். நூல் கிடைத்ததால் சராசரி மாணவரின் தேர்ச்சி உயரவே இல்லை; முன்பே நன்றாகப் படித்தவர்கள் மட்டும் மேலும் உயர்ந்தனர். ஏன்? நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. வீட்டில் ஒரு மொழி, சந்தையில் சுவாகிலி, அவற்றுக்குப் பின் மூன்றாவதாக ஆங்கிலம் என்ற நிலையிலிருந்த பிள்ளைகளால் அந்நூலைப் படிக்க இயலவில்லை. தாய்மொழி வழிக் கல்வியைப் பற்றி நாம் எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறோம். இவ்வளவு தெளிவான சான்று அரிதாகவே வாய்க்கிறது. நூலைக் கொடுத்தவரின் நோக்கம் ஏழைப் பிள்ளைக்கு உதவுவது. உதவி சென்று சேர்ந்ததோ முன்னணி மாணவருக்கு.

அதே பூசியாவில் 2001இல் வேறொரு திட்டம் தொடங்கியது. ஆறாம் வகுப்புச் சிறுமியருள் தேர்வில் முதல் 15 விழுக்காட்டில் வருவோர்க்கு இரண்டு ஆண்டுகளுக்கு உதவித்தொகை. ஆண்டுக்குப் பள்ளிக்கு 500 ஷில்லிங், குடும்பத்துக்கு 1,000 ஷில்லிங். இரண்டும் சேர்ந்து 20 டாலருக்கும் குறைவு. இது முழுக்க மதிப்பெண்ணை வைத்தே தரப்பட்ட பரிசு. ஆகவே வாய்ப்பில்லாத சிறுமியர் மனம் தளர்ந்துவிடுவர் என்று எவரும் எதிர்பார்த்திருப்பர். நடந்தது அதுவன்று. பரிசு பெற வாய்ப்பே குறைவான சிறுமியரின் தேர்ச்சியும் உயர்ந்தது. பரிசுக்கு உரியவர் அல்லாத சிறுவர்களும் ஓரளவு முன்னேறினர். காரணம் நம்மைப் போன்றோர்க்கு வியப்பளிக்காது: ஆசிரியர்கள் முன்னைவிட ஒழுங்காகப் பள்ளிக்கு வந்தனர்! ஊரில் பெற்றோர் கவனிக்கத் தொடங்கினால் ஆசிரியரும் நேரத்துக்கு வருவார். மதிப்பெண்ணுக்குத் தரும் கொடையைப் பற்றி நாம் மேலே சொன்ன குறைக்கு இது ஒரு மறுமொழி என்றே கொள்ள வேண்டும். தேர்வு ஒரே பகுதியிலுள்ள, ஏறத்தாழ ஒரே நிலையிலுள்ள கிராமப் பள்ளிகளுக்குள் நடந்தது என்பதையும் மறவாதிருப்போம். நகரத்துப் பிள்ளையோடு அவர்கள் போட்டியிடவில்லை.

அடுத்திருந்த தேசோ மாவட்டத்திலும் அத்திட்டம் நடந்தது. அங்கே அத்தகைய பலன் தெளிவாகத் தெரியவில்லை. 2001இல் அங்கே ஒரு பள்ளியில் இடி விழுந்து மாணவர் சிலர் இறந்தனர். வெளியிலிருந்து வந்த தொண்டு நிறுவனத்தையும் அந்த இடியையும் சேர்த்துச் சிலர் ஐயுற்றனர். சில பள்ளிகள் திட்டத்திலிருந்தே விலகிக்கொண்டன. இதைக் கேட்டு நாம் நகைக்க வேண்டியதில்லை. முன்பின் அறியாத ஒருவர் நம் ஊருக்கு வந்து, நம் பெண்பிள்ளைக்குக் காரணமின்றிப் பணம் தருகிறேன் என்றால் நம் பாட்டிமார் என்ன நினைத்திருப்பர்? கொடுப்பவர் யார், ஏன் கொடுக்கிறார் என்பது ஊராருக்கு விளங்கியிருக்க வேண்டும். எம்புருவின் நிதியத்துக்கு அந்த இடர் இல்லை. அவர் அந்த மண்ணின் மைந்தர்.

மேற்கு ஆப்பிரிக்காவில் கானா நாட்டில் மதிப்பெண்ணை முதலாகக் கொள்ளாத ஒரு முறை கையாளப்பட்டது. 2008இல், மேனிலைப் பள்ளியில் இடம் கிடைத்தும் பணமின்மையால் சேர முடியாத 2,064 பேரைக் கண்டறிந்தனர். அவர்களுள் 682 பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து முழு உதவித்தொகை அளித்தனர். குலுக்கலா என்று முகம் சுளிக்க வேண்டா. இடம் பெறும் அளவுக்குக் கற்றிருக்கிறார், வறியவராகவும் இருக்கிறார் என்று உறுதிசெய்தபின், எஞ்சியவருள் ஒருவரை விட ஒருவர் மேலென்று சொல்லக் கொடையாளர்க்கு என்ன உரிமை? உதவி பெற்றோருள் பள்ளிப் படிப்பை முடித்தவர் தொகை மிகக் கூடுதலாக இருந்தது. உதவி பெற்ற பெண்கள் காலந்தாழ்த்தித் தாயாயினர். குறைவான பிள்ளைகளைப் பெற்றனர். அவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வாளர்கள், அப்பெண்களின் பிள்ளைகள் அறிவுத் திறனிலும் மேம்பட்டிருப்பதைக் கண்டனர். கானாவில் 2017 முதல் அரசே மேனிலைக் கல்வியைக் கட்டணமின்றி வழங்கத் தொடங்கியது.

பெறுபவர் முகம்

தேர்வைப் பற்றி இவ்வளவு சொன்னோம். தேர்ந்தபின் கொடையாளர் நடந்துகொள்ளும் முறையும் எண்ணத்தக்கது. நாம் பணியாற்றிய நாளில் ஒரு விழாவில் கண்ட காட்சி இது. உதவி பெறும் பிள்ளைகளை மேடையில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவரின் வறுமையையும் ஒலிபெருக்கியில் வாசித்தபின் நோட்டுப் புத்தகம் வழங்கினர். ஒரு சிறுமி வாங்கும்போது நிமிர்ந்து பார்க்கவே இல்லை. மறுநாளிலிருந்து அவள் வகுப்பில் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள் என்று அவள் ஆசிரியை நம்மிடம் கூறினார். அந்த நோட்டுப் புத்தகங்களின் விலை அவளுக்கு மிக அதிகம்.

ஹில்டே பாக் தம் மாணவனைப் பார்க்க வந்ததில்லை. அவன் படத்தை எங்கும் காட்டியதில்லை. அவன் இன்ன தொழிலுக்குப் போகவேண்டும் என்று விதித்ததும் இல்லை. பருவந்தோறும் தொகை போய்ச் சேர்ந்தது. தொகை சிறிதாயினும் தவறாமல் சென்றது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஓராண்டு மகிழ்ச்சியோடு கொடுத்துவிட்டு, மறு ஆண்டு வீட்டில் திருமணம், மனை வாங்கினோம் என்று நிறுத்திவிடுகிற கொடை பிள்ளைக்குத் தீங்கே செய்யும். அரைகுறையாக நின்ற படிப்போடு, சேர்ந்த பள்ளியின் நிலுவையும் அக்குடும்பத்தின் தலையில் விழுகிறது. நான்கு ஆண்டுக்கும் வழி இருந்தால் ஒருவரை ஏற்போம். இல்லையேல் நான்கு குடும்பங்கள் கூடி ஒருவரை ஏற்போம். அல்லது சேர்க்கைச் செலவு மட்டும் போன்ற, ஒருமுறையில் முடியும் உதவியைச் செய்வோம். அதையும் முன்கூட்டியே அப்பிள்ளைக்குத் தெளிவாகச் சொல்லிவிடுவோம்.

ஒரு பருவத்தில் மதிப்பெண் குறைந்துவிட்டால் உடனே உதவியை நிறுத்தும் விதி பல நிதியங்களில் உண்டு. வங்காள தேசத்தில் 1994 முதல் நாடு முழுவதும் பெண்பிள்ளைகளுக்கு வழங்கப்பட்ட உதவித்தொகைக்கு மூன்று நிபந்தனைகள் இருந்தன: 75 விழுக்காடு வருகை, 45 விழுக்காடு மதிப்பெண், பள்ளி இறுதி வரை திருமணம் செய்துகொள்ளாமை. இவற்றுள் முதலும் மூன்றும் நம் மனத்துக்கு ஏற்புடையவை; பெற்றோரையும் சேர்த்துக் கட்டுப்படுத்துபவை. இரண்டாவதில் நமக்குத் தயக்கம் உண்டு. வீட்டில் நோய், தாயின் மறைவு, புதிய விடுதியில் ஏக்கம் என எத்தனையோ காரணங்களால் ஒரு பருவம் சரியும். நம் பட்டறிவில், புதிய பள்ளியின் முதல் ஆண்டில் சரிவது கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய இயல்பு. அவ்வேளையில் உதவியை நிறுத்துவதைவிட, அப்பள்ளி ஆசிரியரிடம் ஒருமுறை பேசி, மாலைநேரப் பாடத்துக்கு வழிசெய்வது மேல். கட்டணத்தோடு சீருடை, காலணி, வளரிளம் பெண்களுக்கு மாதவிலக்குக் காலத் தேவைகள், பேருந்துச் செலவு ஆகியவற்றையும் கணக்கிட வேண்டும். இவற்றைக் கேட்கப் பிள்ளை கூசும். கேளாமலே கொடுப்பதற்குப் பெண்கள் இருக்கும் குழு ஒன்று வேண்டும். நிதியக் குழுக்களில் ஆடவர் மட்டுமே அமரும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் பல இடங்களில் மாறவில்லை என்பதை இங்கே சொல்லாமல் இருக்க இயலவில்லை.

கென்யாவில் அந்த எட்டாம் வகுப்புத் தேர்வு 2023இல் கடைசி முறையாக நடந்து முடிந்தது. புதிய அமைப்பில் தொடக்கக் கல்வி ஆறு ஆண்டு, இளநிலை மூன்று ஆண்டு, மேனிலை மூன்று ஆண்டு. விடுதியும் பெட்டியும் மெத்தையும் வாங்கவேண்டிய நாள் எட்டாம் வகுப்பின் முடிவிலிருந்து ஒன்பதாம் வகுப்பின் முடிவுக்குத் தள்ளிப் போயிருக்கிறது. அங்கே பள்ளியாண்டு சனவரியில் தொடங்குவதால் உதவி திசம்பருக்குள் கையில் இருக்க வேண்டும். நமக்கு அது சூன். வரும் கல்வியாண்டில் ஒரு பிள்ளையை ஏற்க எண்ணும் குடும்பத்தார், தேர்வு முடிவு வெளிவரும்வரை காத்திராமல், பங்குனி சித்திரை மாதங்களிலேயே தம் ஊர்ப்பக்கத்து அரசுப் பள்ளிக்குச் சென்று தலைமையாசிரியரைக் காண்பது நன்று. "முதல் மதிப்பெண் யார்?" என்று கேட்குமுன், "இந்த ஆண்டோடு படிப்பை நிறுத்திவிடப் போகிறவர் யார்?" என்று அவரிடம் கேட்கலாம். பெயர்கள் அவருக்குத் தெரிந்தே இருக்கும்.